ஆற்றோடு வந்த கடிதங்கள்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பாட்டியின் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே பிஸ்கட் இல்லை, கடிதங்கள். தாத்தாவின் தம்பி நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதியவை. எல்லாம் கப்பலில் வந்தவை.

அப்போது பள்ளியில் எங்களுக்குத் தபால்தலை சேர்க்கும் பித்துப் பிடித்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வோர் உறையிலும் தபால்தலை இருந்த மூலையை மட்டும் வெட்டினேன். பேசினில் தண்ணீர் பிடித்து ஊறவைத்து, தலைகளை உரித்து, பழைய செய்தித்தாள்மேல் காயவைத்தேன். மிச்ச உறைகள் குப்பைக்குப் போயின. பாட்டி கடிதத் தாள்களை மட்டும் பத்திரமாக டின்னில் திரும்ப வைத்தார். என்னைத் திட்டவில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. கொள்ளுப்பாட்டியின் படத்தைப் புதிதாகச் சட்டம் போட்டு மாட்ட அப்பா விரும்பினார். படத்துக்குக் கீழே மறைந்த ஆண்டைப் பொறிக்க வேண்டும். டின்னில் அந்தச் செய்தியைச் சொல்லும் கடிதம் இருந்தது. "அம்மா ஆடி 12ஆம் தேதி காலமானார்" என்று இருந்தது. ஆண்டு இல்லை. அது உறையின் முத்திரையில் இருந்திருக்கும். அந்த உறையைத்தான் நான் வெட்டி எறிந்திருந்தேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியோடு பழைய அஞ்சல் உறைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். தேடல் என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் எதிர்பாராதது: அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு. அங்கே நீராவிப் படகுகள் சுமந்த கடிதங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தபால்தலையே ஒட்டாத கடிதங்களுக்காகக்கூட அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஏன் என்று புரிந்தபோது, என் டின்னையும் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

சாலை இல்லாத நாட்டில் ஆறே சாலை

1807இல் ராபர்ட் ஃபுல்டனின் நீராவிப் படகு நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்கு ஹட்சன் ஆற்றில் போனது. நான்கே ஆண்டுகளில், 1811 அக்டோபரில், "நியூ ஆர்லியன்ஸ்" என்ற படகு பிட்ஸ்பர்க்கிலிருந்து புறப்பட்டது. வழியில் அந்த வட்டாரத்தையே உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தைச் சந்தித்தும், 1812 ஜனவரியில் அதே பெயருடைய ஊரைச் சென்றடைந்தது.

அதற்குமுன் ஆற்றில் கீழ்நோக்கிப் போவது எளிது. மேல்நோக்கி வருவதுதான் பாடு. ஆட்கள் கழி ஊன்றியும் கயிறு கட்டி இழுத்தும் படகை மேலே கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். 1850களில் நல்ல நீராவிப் படகு நியூ ஆர்லியன்ஸிலிருந்து லூயிவில் நகருக்கு ஐந்து நாளுக்குள் போய்விட்டது.

சாலை மோசமாக இருந்த, ரயில் இன்னும் வராத அந்த நாட்டில், கடிதமும் இயல்பாகவே படகில் ஏறியது. 1813இல் அமெரிக்க நாடாளுமன்றம் நீராவிப் படகுகளோடு அஞ்சல் ஒப்பந்தம் செய்துகொள்ள அனுமதி தந்தது. 1823இல் இன்னும் ஒரு படி மேலே போய், நீராவிப் படகுகள் வழக்கமாகச் செல்லும் நீர்வழிகள் எல்லாம் அஞ்சல் பாதைகள் என்று சட்டம் செய்தது. ஆறு சட்டப்படியே தபால் சாலையாகிவிட்டது!

ஒரே படகு, மூன்று வகைக் கடிதம்

இந்தச் சேகரிப்பின் சுவை இங்கேதான் தொடங்குகிறது. படகில் போன கடிதம் எல்லாம் ஒன்றல்ல.

முதல் வகை, பூட்டிய பையில் போனவை. அரசாங்க ஒப்பந்தம் பெற்ற படகு, ஓர் அஞ்சல் நிலையத்தில் பையை வாங்கி அடுத்த நிலையத்தில் இறக்கும். அந்தக் கடிதங்களில் ஊர் முத்திரை மட்டும் இருக்கும். படகில் வந்தது என்பதற்கு அடையாளமே இருக்காது. அப்படிப்பட்ட படகு வழியில் நிற்கும்போது யாராவது ஓடிவந்து கடிதத்தைக் கையில் கொடுத்தால், அடுத்த நிலையத்தில் அதற்கு "வே" என்று முத்திரை இடுவார்கள். வழியில் ஏறிய கடிதம் என்று பொருள். கொண்டுவந்தவருக்கு 1 சென்ட் கிடைக்கும்.

இரண்டாம் வகை, ஒப்பந்தம் இல்லாத படகுகள் கொண்டுவந்தவை. ஆற்றங்கரைத் தோட்டங்களிலும் விறகு ஏற்றும் துறைகளிலும் மக்கள் கப்பித்தானிடம் கடிதம் கொடுத்துவிடுவார்கள். 1815ஆம் ஆண்டுச் சட்டப்படி, படகு பகலில் வந்து சேர்ந்தால் மூன்று மணி நேரத்துக்குள், இரவில் வந்தால் மறுநாள் சூரியன் உதித்து இரண்டு மணி நேரத்துக்குள், அவற்றை அஞ்சல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒரு கடிதத்துக்கு 2 சென்ட் கப்பித்தானுக்கு. தவறினால் அபராதம். அஞ்சல் எழுத்தர் அந்தக் கடிதங்களில் "ஸ்டீம்" அல்லது "ஸ்டீம்போட்" என்று முத்திரை குத்தினார். இந்தக் கடிதத்தில் ஏன் புறப்பட்ட ஊரின் முத்திரை இல்லை என்பதற்கான விளக்கமே அந்த ஒரு சொல்.

மூன்றாம் வகை, அஞ்சல் துறையைத் தொடாமலே போனவை. பருத்தி மூட்டைகளோடு அதன் விவரத்தைச் சொல்லும் கடிதம் போனால், சரக்கோடு சேர்ந்தது என்பதால் அதற்கு அஞ்சல் கட்டணம் இல்லை. படகின் எழுத்தர் நேரே வணிகரின் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

எழுத்தர்கள் வெறுமனே கொடுக்கவில்லை. 1850களில் பல படகுகள் தங்களுக்கென்று முத்திரை செய்து வைத்திருந்தன. வட்டம், நீள்வட்டம், பூவேலைச் சட்டம் என்று விதவிதமான வடிவங்கள். நடுவே படகின் பெயர். சிலவற்றில் கப்பித்தானின் பெயரும் எழுத்தரின் பெயரும். கறுப்பு, நீலம், சிவப்பு மை. பணம் செலவில்லாத விளம்பரம் அது. சேகரிப்பவர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுவது இந்தப் படகுப் பெயர் முத்திரைகளைத்தான்.

பெயரில் ஒளிந்திருக்கும் தேதி

நீராவிப் படகுகளுக்கு ஆயுள் குறைவு. சராசரியாக நான்கைந்து ஆண்டுகள்தான். நீருக்கடியில் கிடக்கும் மரத்தில் மோதி மூழ்கும், தீப்பிடிக்கும், கொதிகலன் வெடிக்கும். எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் இளமையில் மிசிசிப்பியில் படகோட்டப் பயிற்சி பெற்றவர். 1858 ஜூனில் "பென்சில்வேனியா" படகு வெடித்தபோது அவருடைய தம்பி ஹென்றி அதில் இறந்துபோனார். "மார்க் ட்வெய்ன்" என்ற புனைபெயரே ஆழம் பார்ப்பவர் எழுப்பும் குரல்தான்: இரண்டு பாகம், அதாவது 12 அடித் தண்ணீர்; படகு பயமின்றிப் போகலாம்.

இந்தக் குறுகிய ஆயுளே இன்று துப்புத் துலக்கப் பயன்படுகிறது. ஆண்டு எழுதாத ஒரு கடிதத்தில் "பிரின்செஸ்" என்ற படகின் பெயர் இருக்கிறது என்று வையுங்கள். அந்தப் படகு 1859 பிப்ரவரி 27 அன்று பேட்டன் ரூஜ் அருகே கொதிகலன் வெடித்து அழிந்தது. ஆக, கடிதம் அதற்கு முந்தையது. படகு எப்போது கட்டப்பட்டது என்று பார்த்தால் மறு எல்லையும் கிடைக்கும். ஆனால் ஒரே பெயரில் அடுத்தடுத்துப் பல படகுகள் ஓடியதும் உண்டு. "நாச்செஸ்" என்ற பெயரை ஒரே கப்பித்தான் தன் படகுகளுக்கு மீண்டும் மீண்டும் வைத்தார். அதனால் கவனம் தேவை.

இதற்கான கையேடுகளும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவின் தபால்தலை வணிகர் யூஜின் க்ளைன் 1940இல் படகு முத்திரைகளைப் பட்டியலிட்டு நூல் வெளியிட்டார். தலைகீழாக அச்சான விமானப் படத் தபால்தலைத் தாளை வாங்கி விற்ற அதே க்ளைன்தான். பின்னர் ஃபிரெட்ரிக் வே ஆயிரக்கணக்கான ஆற்றுப் படகுகளின் வரலாற்றை ஒரே தொகுப்பாகத் தந்தார். இவற்றோடு அன்றைய நாளிதழ்களின் படகு வரவுப் பட்டியலையும் ஒப்பிட்டால், ஒரு கடிதம் எந்த நாளில் கரை இறங்கியது என்றுகூடச் சில வேளை சொல்லிவிடலாம்.

கட்டணமும் தேதி சொல்லும். 1845 வரை 400 மைலுக்கு மேல் போகும் ஒரு தாளுக்கு 25 சென்ட். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறையும் ஒரு தாளாகக் கணக்கிடப்பட்டதால் யாரும் உறை பயன்படுத்தவில்லை. கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, பின்பக்கம் முகவரி எழுதினார்கள். 1845இல் அரை அவுன்ஸ் எடைக்கு 300 மைல் வரை 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட் என்றானது. 1847 ஜூலையில் முதல் தபால்தலைகள் வந்தன. 1851இல் முன்கூட்டியே கட்டினால் 3 சென்ட். ஆக, கடிதத்தில் பேனாவால் எழுதிய "25" என்ற எண்ணும் ஒரு சாட்சிதான்.

அழகான முத்திரை, அழுகிய செய்தி

இதுவரை படித்ததை வைத்து, இது பெரியவர்களின் சாதுவான பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மடித்த கடிதத்தைத் திறந்தால் வேறு உலகம்.

இன்று கிடைக்கும் கடிதங்களில் கணிசமானவை, மிசிசிப்பிக் கரைத் தோட்ட முதலாளிகள் நியூ ஆர்லியன்ஸ் தரகு வணிகர்களுக்கு எழுதியவை. வணிகர்கள் கணக்குக்காகக் கட்டிவைத்ததால் அவை பிழைத்தன. இத்தனை மூட்டை பருத்தி அனுப்பியிருக்கிறேன், மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் வேண்டும், ஆட்களுக்கு முரட்டுத் துணியும் காலணியும் அனுப்புங்கள். "ஆட்கள்" என்பது அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள். சில கடிதங்களில் அவர்களே விற்பனைச் சரக்கு. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அமெரிக்காவில் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள்.

பூவேலைச் சட்டத்துக்குள் நீல மையில் பளிச்சென்று ஒரு படகின் பெயர்; அதை மடித்து வைத்திருக்கும் தாளின் உள்ளே மனித விலை. முத்திரையை மட்டும் பார்த்து ஆல்பத்தில் வைத்தால் நான் பத்து வயதில் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்: மூலையை வெட்டிக்கொண்டு மிச்சத்தை எறிவது. இப்போது பல சேகரிப்பாளர்கள் கடிதத்தின் உள்ளடக்கத்தையும் முழுமையாகப் படியெடுத்து, உறையின் பக்கத்திலேயே வைக்கிறார்கள். அதுவே நேர்மை.

தோட்டம் என்ற சொல் நமக்கு அந்நியமானதல்ல. அடிமை முறையும் நம்மவர்கள் வந்த ஒப்பந்த முறையும், கங்காணி முறையும் ஒன்றல்ல. சட்டத்திலும் நடைமுறையிலும் வேறுபாடு பெரிது. ஆனால் ஒரு விஷயம் பொது. முதலாளியின் கணக்குப் புத்தகம் தப்பிப் பிழைக்கிறது. உழைத்தவரின் கடிதம் பிழைப்பதில்லை. அமெரிக்கத் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே சட்டவிரோதம். நம் மக்களுக்கு அப்படித் தடை இல்லை. தெரிந்தவர் எழுதினார்கள், தெரியாதவர் எழுதச் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கடிதங்கள்தான் நம் வீட்டு டின்களில் கிடக்கின்றன. அல்லது, வீடு மாறும்போது கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போகின்றன.

தொடங்க விரும்புபவர்களுக்கு

மிசிசிப்பிக் கடிதம் ஒன்றை வைத்துக்கொள்ள ஆசையா? "ஸ்டீம்" முத்திரையுள்ள சாதாரணக் கடிதம் இன்றும் 100 அமெரிக்க டாலருக்குள் கிடைக்கும். அரிய படகுப் பெயர் என்றால் ஆயிரங்களில் போகும். அதனாலேயே போலிகளும் உண்டு. பழைய, உண்மையான கடிதத்தின்மீது பிற்காலத்தில் போலி முத்திரை குத்துவது எளிது. விலை உயர்ந்ததை வாங்குமுன், நியூயார்க்கின் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷன் போன்ற நிபுணர் அமைப்பின் சான்றிதழைக் கேளுங்கள்.

நம் பக்கத்திலேயே தேடலாம். கடலில் செல்லும் கப்பலில் அஞ்சலிட்ட கடிதங்களுக்கு "பாக்கெபோ" என்று முத்திரை இடும் வழக்கம் 1890களில் உலக அஞ்சல் ஒன்றியத்தின் வழி பரவியது. பினாங்கும் சிங்கப்பூரும் அப்படி முத்திரையிட்ட துறைமுகங்கள். மலாக்காவில் தபால்தலை அரும்பொருளகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

ஆனால் முதலில் தேட வேண்டிய இடம் உங்கள் வீட்டு அலமாரி. சில குறிப்புகள்:

தபால்தலையை வெட்டாதீர்கள், ஊறவைக்காதீர்கள். உறையும் கடிதமும் எந்த ஜோடி என்று தெரிந்தால் பிரிக்காதீர்கள்.

கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். லாமினேட் செய்வதும் கூடாது.

அமிலம் இல்லாத தாள் உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூசணமும் இராமபாணப் பூச்சியும் முதல் எதிரிகள். தரையோடு ஒட்டிய அலமாரியும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். உறையின் வெறுமையான பின்பக்கத்தையும் சேர்த்துத்தான். போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மிக முக்கியமானது: யார் எழுதியது, யாருக்கு, அந்த "சின்னத்தா" யார், அந்த "மேட்டுத் தெரு" எங்கே என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். உறையின்மீது அல்ல, தனித் தாளில்.

ஒரு கிழிந்த தபால்தலை

பிஸ்கட் டின் கதைக்கு வருகிறேன். மிசிசிப்பிக்காரர்களின் முறையைப் படித்தபின், அப்பாவோடு உட்கார்ந்து டின்னை முழுதாகக் கொட்டினோம். பதினாறு கடிதங்கள். அடியில் ஒட்டியிருந்த பழைய செய்தித்தாளை எடுத்தபோது, அதன் கீழே ஓர் உறை. முழு உறை.

ஏன் தப்பியது என்று எனக்கு உடனே புரிந்தது. அதிலிருந்த தபால்தலை பாதி கிழிந்திருந்தது. கிழிந்த தலை ஆல்பத்துக்கு ஆகாது என்று பத்து வயதில் அதை ஒதுக்கியிருப்பேன்.

நாகப்பட்டினம் முத்திரை. கண்ணாடி வைத்துப் பார்த்தோம்: ஆகஸ்டு 1949. உள்ளே கடிதமும் இருந்தது. விளைச்சல், கடன், யாருக்கோ காய்ச்சல் என்று போய், நடுவே ஒரு வரி. அம்மாவின் முதலாண்டுத் திவசம் ஆடியில் நல்லபடியாக முடிந்ததாம்.

அப்பா விரல் விட்டு எண்ணவே இல்லை. "நாப்பத்தெட்டுப்பா" என்றார்.

அந்தக் கடிதம் எந்தக் கப்பலில் வந்திருக்கும்? நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடிய "ரஜுலா"வாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றில் கப்பல் வரவுச் செய்திகள் உண்டு. இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை வேலை அதுதான். என் மகள் தேடுகிறாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களைத் திருத்துகிறார்.

கொள்ளுப்பாட்டியின் படம் கூடத்தில் மாட்டியாகிவிட்டது. கீழே ஆண்டும் இருக்கிறது. கிழிந்த தபால்தலையோடு அந்த உறை, பாலியெஸ்டர் உறைக்குள், அதே டின்னில் இருக்கிறது. என் பழைய ஆல்பமும் பக்கத்தில் இருக்கிறது. அதிலுள்ள தலைகள் எந்தக் கடிதத்தில் வந்தவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு டின் இருந்தால், இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். கத்தரிக்கோலை மட்டும் தூர வையுங்கள்.